மாடியை விட்டு இறங்காத மாடு

சாவா ஆறு அந்த வசந்தத்தில் லுகோவா கிராமத்துக்குள் புகுந்தபோது, பாரிட்சாவின் வீட்டில் முதல் ஆளாக மாடியேறியது பாரிட்சா இல்லை. அவளுடைய மாடு.

மாட்டின் பெயர் ருமென்கா. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, நிறை சினை. யார் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிரானதை நிதானமாக யோசித்துச் செய்யும் குணம். "அப்படியே உன் ஜாடை" என்று இம்ப்ரோ தன் மனைவி பாரிட்சாவிடம் சொல்லுவான். சொல்லிவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொள்வான்.

மலைப்பக்கம் பனி உருகி, அதன் மேல் விடாத மழையும் கொட்டியதில், ஆறு கரையை முட்டிக்கொண்டு நின்றது. தீயணைப்புக் குழுத் தலைவன் ஸ்லாட்கோ கையில் ஒலிபெருக்கியோடு ஊரைச் சுற்றி வந்தான். ஸ்லாட்கோவுக்கு வயிற்றுப்பாட்டுக்கு டிராக்டர் ரிப்பேர். வெள்ளம் வந்தால் மட்டும்தான் தலைவன். அதனால் வெள்ளக் காலத்தில் அவன் முகத்தில் கவலையோடு கவலையாக ஒரு சின்னச் சந்தோஷமும் எட்டிப் பார்க்கும்.

"ஆடு, மாடு, குதிரை எல்லாத்தையும் சாயங்காலத்துக்குள்ள பெரிய கரைக்கு ஓட்டிடுங்க! நடக்க முடியாதத லாரில ஏத்துங்க! நான் ரெண்டு தரம் சொல்ல மாட்டேன்!" என்று அவன் பலமுறை சொன்னான்.

ஊர் மாடுகளெல்லாம் கழுத்து மணி குலுங்க, சேற்றை மிதித்துக்கொண்டு, வெள்ளம் எட்டாத மேட்டிலிருந்த பெரிய கரைக்குப் போய்விட்டன. ருமென்காவின் முன்னங்கால் குளம்பில் புண். அவ்வளவு தூரம் நடக்காது. லாரியில்தான் ஏற்ற வேண்டும். லாரியின் பலகையில் அது இரண்டு முன்கால்களை வைத்தது, யோசித்தது, எடுத்துக்கொண்டது. பாரிட்சா முன்னால் நின்று உப்புக்கட்டியைக் காட்டினாள். இம்ப்ரோ பின்னால் தோள் கொடுத்துத் தள்ளினான். பக்கத்து வீட்டு லோய்ஸ் வேலியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு யோசனை சொன்னான்.

லோய்ஸ், பாரிட்சாவின் மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் அவனும் இம்ப்ரோவும் ஒருவரையொருவர் 'கூமே' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். உறவு அவ்வளவு நெருக்கம். வேலித் தகராறும் அவ்வளவு நெருக்கம். அப்பன் காலத்து மரவீட்டை இடித்துவிட்டு, செங்கல்லில் மாடியில்லாத வீடு கட்டிக்கொண்டவன் லோய்ஸ். சமையல்கட்டும் அறைகளும் மாடியிலேயே இருந்த பாரிட்சாவின் ஓக் மர வீட்டை அவன் 'பழைய பெட்டி' என்பான்.

"வால முறுக்கு கூமே. வால முறுக்கினா ஏறும்."

"நீ வந்து முறுக்கேன்," என்றான் இம்ப்ரோ, மூச்சிரைக்க.

"எம் மாடுங்க ரெண்டும் காலையிலயே சொன்ன பேச்சக் கேட்டு நடந்து போயிடுச்சு. வளர்ப்பு அப்படி."

"லோய்ஸ், இன்னும் ஒரு வார்த்த பேசின, மாட்ட விட்டுட்டு உன்னத் தூக்கி லாரில போட்டுடுவேன்," என்றாள் பாரிட்சா.

லாரிக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பலகையை மடித்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை தண்ணீர் சத்தமில்லாமல் முற்றத்துக்கு வந்தது. முதலில் கோழிக்கூண்டின் அடியை நனைத்தது, பிறகு தொழுவத்தின் வாசலை. கோழிகளைப் பிடித்துப் பரண் மேல் விட்டாயிற்று. இம்ப்ரோ ருமென்காவை அவிழ்த்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். வந்தானே தவிர, எங்கே கொண்டுபோவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெருவில் அதற்குள் முழங்கால் ஆழம்.

ருமென்கா தண்ணீரை மோந்து பார்த்தது. இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. பிறகு, இத்தனை வருஷமாக இந்த வீட்டில் யாருக்குமே ஒரு புத்தி கிடையாது என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வீட்டுக்கு வெளியே ஏறும் அகலமான மரப்படியில் கால் வைத்தது. டொக், டொக், டொக். புண்பட்ட காலைக்கூடக் கொஞ்சம் பதனமாகத்தான் வைத்தது. மேலே போய், வலப்பக்கம் திரும்பி, திறந்திருந்த முதல் அறைக்குள் நுழைந்துவிட்டது.

அது டெனிஸின் அறை. டெனிஸ் ஒரே மகன். பெண்டாட்டி மார்டினாவோடு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். கோடையில் வந்து தங்குவதற்காக அந்த அறைக்குப் புதிதாக மரப்பலகைத் தரை போட்டிருந்தார்கள். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை அலமாரி. அதன் கதவு முழுக்கக் கண்ணாடி. கட்டில் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பாரிட்சா இன்னும் பிரிக்கவில்லை. செருப்போடு அங்கே போக யாருக்கும் அனுமதி கிடையாது. இம்ப்ரோவுக்குச் செருப்பில்லாமலும் கிடையாது.

"இம்ப்ரோ!" என்று பாரிட்சா கத்திய கத்தலில் பரணில் கோழிகள் சிறகடித்தன.

"நான் ஒண்ணும் சொல்லல. சத்தியமா நான் ஒண்ணுமே சொல்லல. அதுவாப் போச்சு."

"போகும்போது காலக் கழுவி விட்டியா?"

இம்ப்ரோ, முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்றபடி, மனைவியை அண்ணாந்து பார்த்தான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சிரிக்க நேரமில்லை. இரண்டு பேரும் கட்டிலைக் கழற்றி மற்ற அறைக்குக் கடத்தினார்கள். தரை முழுக்க வைக்கோலைக் கனமாகப் பரப்பினார்கள். அலமாரியை மட்டும் அசைக்க முடியவில்லை. கண்ணாடிக்குள் இன்னொரு மாடு நிற்பதைக் கண்ட ருமென்கா முதலில் கொம்பைத் தாழ்த்தியது. அதுவும் தாழ்த்தியது. ருமென்கா பின்வாங்கியது. அதுவும் பின்வாங்கியது. இவ்வளவு மரியாதை தெரிந்த மாட்டை ருமென்கா அதுவரை பார்த்ததில்லை போல. சாயங்காலத்துக்குள் கண்ணாடியை நக்கிக் கொடுக்கும் அளவுக்கு அன்னியோன்னியம் வளர்ந்துவிட்டது.

வெள்ளத்தின் நடுவில் மாட்டைப் பராமரிப்பது தனி வித்தை. பரணில் இருந்த தீவனத்தை இம்ப்ரோ மேலேயிருந்து கீழே தள்ளுவான். கூடவே ஒரு கோழியும் வந்து விழும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மாடு குடிக்க ஒரு சொட்டு கிடையாது. அந்தக் கலங்கலில் எத்தனை வீட்டுச் சாக்கடை கலந்திருந்ததோ. ஸ்லாட்கோ படகில் நல்ல தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து கொடுத்தான். "ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னுதான் கணக்கு, அத்தை. மாட்டுக்குக் கணக்கே இல்ல," என்று ஒவ்வொரு முறையும் முனகுவான். முனகிவிட்டு இரண்டு கேன் கூடுதலாக ஏற்றிக் கொடுப்பான். சாணியைப் பாரிட்சா மண்வெட்டியால் வாரி ஜன்னல் வழியே ஆற்றுக்கு விட்டாள். ஒரு நாள் அது ஸ்லாட்கோவின் படகு வரும் நேரமாகப் போய்விட்டது. அதிலிருந்து அவன் தூரத்திலேயே விசில் அடித்துக்கொண்டு வரத் தொடங்கினான்.

ஆனால் ஒன்று. காய்ந்த வைக்கோலில் நின்றதாலும், பாரிட்சா தினமும் வெந்நீரில் கழுவி மருந்து தடவியதாலும், குளம்புப் புண் ஆறிவிட்டது. தொழுவத்து ஈரத்தில் மாதக்கணக்கில் ஆறாத புண்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் ருமென்கா கன்று போட்டது. காலடியில் வெள்ளம் ஓட, பாரிட்சா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். இம்ப்ரோ வாசலில் நின்றுகொண்டு, "இழுக்கவா? இழுக்கவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நீ போய் அடுப்ப இழு. வெந்நீர் வை!"

கிடாரிக் கன்று. அம்மாவைப் போலவே நெற்றியில் வெள்ளை. பாரிட்சா அதை வைக்கோலால் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. டெனிஸ், ஸ்டுட்கார்ட்டிலிருந்து, முகம் பார்த்துப் பேசும் அழைப்பு.

"அம்மா, எப்படி இருக்கீங்க? நியூஸ்ல பாத்து பயந்துட்டோம்."

"நல்லா இருக்கோம்டா. மாடிக்குத் தண்ணி வரல."

"பின்னாடி என்னமோ மூச்சு வாங்குது? அப்பாவுக்கு உடம்பு சரியில்லயா?"

"அப்பா சமையல்கட்டுல இருக்கார்."

ருமென்கா தலையைத் திருப்பி போனுக்குள் பார்த்தது.

"அம்மா. அது மாடு."

"மாடுதான். குதிரை மாதிரியா இருக்கு?"

"அம்மா, அது எங்க அலமாரி!"

"அலமாரிக்கு ஒண்ணும் ஆகலடா. கண்ணாடிய தினமும் அதுவே தொடைச்சு வெச்சிடுது."

பக்கத்திலிருந்து மார்டினாவின் குரல் என்னவோ கேட்டது. டெனிஸ் மெதுவாக, "ஒண்ணுமில்ல, அம்மா வீட்ட ஒழுங்கு பண்றாங்க," என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.

ஒரு வழியாக வானம் வெளுத்தது. தண்ணீர் வந்த மாதிரியே சத்தமில்லாமல் வடிந்தது. சேறும், செத்த மீனும், யாருடையதோ ஒரு சைக்கிளும் முற்றத்தில் மிச்சம். பெரிய கரையிலிருந்து மாடுகள் ஊர் திரும்பின. லோய்ஸ் தன் இரண்டு மாடுகளையும் தெரு நடுவே, ஊர்வலம் மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தான். இம்ப்ரோ மாடிப்படியைக் கழுவி, மணல் தூவி, ருமென்காவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, போலாம்," என்றான்.

ருமென்கா மேல்படி வரை வந்தது. கீழே பார்த்தது. இம்ப்ரோவைப் பார்த்தது. திரும்பி அறைக்குள் போய்விட்டது.

கால்நடை மருத்துவர் இவோனா ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவள், அன்று இங்கே வந்தாள். சின்னப் பெண், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"மாடு படி ஏறிடும்மா. இறங்காது. இறங்கும்போது உடம்பு பாரம் முழுக்க முன்னங்கால் மேல வரும். காலடியில படி எங்க இருக்குன்னும் அதுக்குத் தெரியாது. பயப்படும். படி மேல மூட்டை அடுக்கி, பலகை போட்டு, நல்லா நீளமா ஒரு சரிவு கட்டுங்க. அதுவா இறங்கி வந்துடும்."

"மூட்டைக்கு எங்க போறது?" என்றாள் பாரிட்சா.

"ஊர் முழுக்க மணல் மூட்டைதானே அடுக்கி வெச்சிருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஊருக்கு வண்டியேறினாள்.

பாரிட்சா ஸ்லாட்கோவிடம் போனாள்.

"அத்தை, அதெல்லாம் அரசாங்க மூட்டை. எச்சரிக்கை இன்னும் நீங்கல. ஒரு மாட்டுக்காக நான் கரைய அவுக்க முடியுமா? நாளைக்கு மேலதிகாரி கேட்டா, மாடு படி இறங்கறதுக்குக் குடுத்தேன்னு சொல்லவா?"

மூட்டை கிடைக்கவில்லை. யோசனை மட்டும் ஊர் முழுக்கக் கிடைத்தது. வெள்ளத்துக்குப் பிறகு யாருக்கும் வயலில் இறங்க முடியாது. சேறு காய வேண்டும். ஆகவே எல்லோரும் பாரிட்சாவின் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவர் சோளமாவு வாளியைக் கீழ்ப்படியில் வைக்கச் சொன்னார், வைத்தார்கள், அதை நாய் தின்றது. வாளியை மேலே மேலே நகர்த்தினார்கள். ருமென்கா கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டி, கால் நகர்த்தாமல் வாளியைக் காலி செய்தது. கண்ணைக் கட்டினால் தெரியாது என்றார் இன்னொருவர். இம்ப்ரோவின் கோட்டால் கண்ணைக் கட்டினார்கள். ருமென்கா இருட்டிவிட்டது என்று எண்ணி அங்கேயே படுத்துத் தூங்கியது. கடைசியில் ஸ்லாட்கோ தன் ஆட்களோடு வந்து பின்னாலிருந்து தள்ளினான். சீருடையோடு வந்திருந்தான். அவன் நின்ற இடம் சரியில்லை. வீட்டுக்குப் போய் வேறு சட்டை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

"கன்னுக்குட்டியக் கீழ கொண்டுபோனா தாய் தன்னால வந்துடும்," என்றான் இம்ப்ரோ. இதுதான் உருப்படியான யோசனை என்று எல்லோருக்கும் பட்டது. அவன் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி முற்றத்து நடுவில் நிறுத்தினான். கன்று 'ம்மே' என்றது. மேலே ருமென்கா 'ம்ம்மா' என்றது. கீழே, மேலே, கீழே, மேலே என்று அந்தக் கூப்பாடு சாப்பாட்டு வேளை தாண்டியும் ஓயவில்லை. ருமென்கா மேல்படியில் நின்று நடுங்கிற்றே ஒழிய, ஒரு கால் எடுத்து வைக்கவில்லை. பால் தானாகச் சொட்டத் தொடங்கியதும் பாரிட்சாவால் பொறுக்க முடியவில்லை. "தூக்கிட்டு வா! மறுபடியும் மேல தூக்கிட்டு வா!" என்று கத்தினாள்.

இதையெல்லாம் வேலியோரத்திலிருந்து ரசித்தவன் லோய்ஸ். 'ஹோட்டல் ருமென்கா' என்று பெயர் வைத்ததும் அவன்தான். "கூமே, ஹோட்டல்ல இன்னிக்கி காலை டிபன் என்ன? தீவனமா, அலமாரியா?" என்பான். அதுவரை பாரிட்சா பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நாள் இம்ப்ரோவோடு பிளம் சாராயம் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்:

"எதுக்கு இவ்வளவு பாடு? கறிக்கடைக்காரன மேல வரச் சொல்லு. முழுசா இறங்காதது துண்டு துண்டா இறங்கிடும்."

பாரிட்சா அடுப்பிலிருந்து திரும்பினாள். லோய்ஸைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். இம்ப்ரோ 'சீ' என்று சொல்ல வேண்டும், அதற்காகக் காத்திருந்தாள். இம்ப்ரோ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் முதுகு ஒடிந்துபோயிருந்தது, பாவம். தினமும் தண்ணீரும் தீவனமும் மாடிக்குச் சுமந்தவன் அவன்தான். ஆனாலும் அந்த மௌனம் ரொம்ப நேரம் நீண்டுவிட்டது.

பாரிட்சா, பால் கறக்கும் முக்காலியைக் கையில் எடுத்தாள். லோய்ஸ் தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கினான். மாடு இறங்க மறுத்த படியில் மனிதன் எவ்வளவு வேகமாக இறங்க முடியும் என்பதை அன்று ஊர் பார்த்தது. பிறகு அவள் டெனிஸின் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வைக்கோலில் உட்கார்ந்து அழுதாள். ருமென்கா அவள் தலைமுடியைக் கொஞ்சம் மென்று பார்த்தது. கொஞ்ச நேரத்தில் இம்ப்ரோ வந்து கதவுக்கு வெளியே நின்றான்.

"நான் ஒண்ணும் சொல்லல, பாரிட்சா."

"அதத்தான் நானும் சொல்றேன். நீ ஒண்ணும் சொல்லல."

பிறகு இரண்டு வாளிகள் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்திருந்தான். மாட்டுக்கு ஒன்று, அவள் முகம் கழுவ ஒன்று. அவள் கதவைத் திறந்தாள்.

இரண்டாவது வெள்ளத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அது முதுகுப்பக்கம், தாழ்ந்த புல்வெளிப் பக்கமாக வந்தது. மேற்கே எங்கேயோ ஒரு மடை உடைந்து, பட்டப்பகலில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, தெருவில் தண்ணீர் பளபளத்துக்கொண்டு ஓடி வந்தது. பெரிய கரைக்குப் போகும் பாதைதான் முதலில் முழுகியது. லாரி கிடையாது. ஒலிபெருக்கிக்கும் நேரமில்லை. ஸ்லாட்கோ வெறும் தொண்டையால் கத்திக்கொண்டு தெருவில் ஓடினான்.

பாரிட்சா மாடியில் நின்று எண்ணிப் பார்த்தாள். மாடு மேலே. கன்று மேலே. கோழிகள் மேலே. தீவனம் மேலே. முந்தின நாள் இம்ப்ரோ நிரப்பிவைத்த நல்ல தண்ணீரும் மேலே. ஊரிலேயே ஒருத்தி மட்டும் வெள்ளத்துக்குத் தயாராக இருந்தாள், அதுவும் தன் விருப்பமில்லாமல். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினாள்.

வேலிப்பக்கம் லோய்ஸ் நின்றான். இரண்டு கையிலும் இரண்டு கயிறு. கயிறுகளின் மறுமுனையில் சொன்ன பேச்சைக் கேட்கும் இரண்டு மாடுகள். தண்ணீர் மூவருக்கும் முழங்காலைத் தாண்டியிருந்தது. அவனுடைய செங்கல் வீட்டுக்குள் நாற்காலிகள் மிதப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அவன் மனைவி டோரா, தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

லோய்ஸ் தன் மாடுகளை ஒருமுறை பார்த்தான், பாரிட்சாவின் மாடிப்படியை ஒருமுறை பார்த்தான்.

"என்ன லோய்ஸ்?" என்றாள் பாரிட்சா மேலேயிருந்து. "குளிக்கக் கிளம்பிட்டியா?"

"பாரிட்சா… உங்க படி…"

"எந்தப் படி?"

"அதான். மாடிப்படி. அது… காலியாத்தான் இருக்கு போல."

"பழைய பெட்டி வீட்டுப் படியா? செங்கல் வீட்டு மாட்டுக்கு அது சரிப்படுமா?"

"பாரிட்சா!" என்று டோரா பாத்திரத்துக்கு அடியிலிருந்து அலறினாள். "அவன மட்டும் கீழயே விட்டுடு! என்னையும் மாட்டையும் ஏத்திக்க!"

இம்ப்ரோ அதற்குள் தண்ணீரில் இறங்கி வேலிக் கதவைத் திறந்துவிட்டிருந்தான். "வா கூமே," என்றான். "ஹோட்டல்ல ரூம் இருக்கு."

லோய்ஸின் மாடுகள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் படியேறின. அவற்றின் பின்னால், ஸ்லாட்கோ தன் அம்மாவின் ஒரே பசுவை இழுத்துக்கொண்டு, தன் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். "அத்தை, நான் தலைவனா வரல, மகனா வந்திருக்கேன்," என்றான். "மூட்டை கேட்டப்ப யாரா இருந்த?" என்று கேட்டுவிட்டு பாரிட்சா கிழவியை முதலில் இறக்கி அடுப்போரம் உட்கார வைத்தாள்.

ஆக, டெனிஸின் அறையில் ருமென்காவும் கன்றும் லோய்ஸின் ஒரு மாடும். பாரிட்சாவின் படுக்கையறையில் மற்ற இரண்டு மாடுகள். சமையல்கட்டில் மனிதர்கள். ஓக் உத்தரங்கள் முனகின, ஆனால் அசையவில்லை. லோய்ஸின் மாட்டைப் பார்த்ததும் ருமென்கா கண்ணாடியை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அந்தக் கண்ணாடிச் சிநேகிதியை யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள அது தயாராக இல்லை. லோய்ஸ் தண்ணீர் சுமந்தான், சாணி வாரினான், ஜன்னல் வழியே கொட்டினான். குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இத எப்படி கூமே இத்தன நாளு தனியா செஞ்ச?" என்று கேட்டான். இம்ப்ரோவுக்கு அந்த ஒரு கேள்வியிலேயே முதுகுவலி பாதி குறைந்துவிட்டது.

இரவெல்லாம் லோய்ஸ் குறட்டை விட்டதில் மாடுகளுக்குத் தூக்கம் இல்லை என்று மட்டும் டோரா குறை சொன்னாள்.

இந்தத் தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிந்தது. எச்சரிக்கை நீங்கியதா இல்லையா என்று அப்புறம் யாருமே கேட்கவில்லை. முற்றத்தில் தரை தெரிந்த அன்று காலையிலேயே ஸ்லாட்கோவின் டிராக்டர் மணல் மூட்டைகளோடு வந்து நின்றது. அடுத்த நடை, அதற்கடுத்த நடை என்று வந்துகொண்டே இருந்தது.

"அரசாங்க மூட்டைடா," என்றாள் பாரிட்சா. "மேலதிகாரி கேட்டா?"

"எங்கம்மா பசுவப் பாத்துட்டு அப்புறம் கேக்கட்டும், அத்தை."

ஒரு மாடு மாடியில் இருந்தவரை யோசனை சொன்ன ஊர், நாலு மாடு ஆனதும் வேலை செய்தது. மூட்டைகளைப் படியின் மேல் அடுக்கினார்கள், முற்றத்தில் பாதி தூரம் வரை சரித்துக்கொண்டு போனார்கள், மேலே பலகை பரப்பி, அதன் மேல் மண்ணும் வைக்கோலும் போட்டு மிதித்தார்கள். எல்லோரையும் விட அதிகமாகச் சுமந்தவன் லோய்ஸ். இவோனாவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்து, சரிவில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "இதத்தானே நான் அன்னிக்கே…" என்று ஆரம்பித்தாள். எல்லோரும் அவளுக்கு ஒரு நாற்காலியும் சாராயமும் கொடுத்து வாயை அடைத்தார்கள்.

மத்தியானத்துக்குள் சரிவு தயார். லோய்ஸின் மாடுகள் இறங்கின. ஸ்லாட்கோவின் அம்மாவின் பசு, கிழவி கீழே நின்று திட்டிய திட்டுக்குப் பயந்து, கிட்டத்தட்ட ஓடியே வந்தது. ஊர் கைதட்டியது. பிறகு எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

ருமென்கா வாசலில் நின்றது. சரிவைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. அசைபோட்டது.

"தள்ளலாமா?" என்றான் ஒருவன். ஸ்லாட்கோ தன் புதுச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "நான் வரல," என்றான்.

"விடுங்க," என்றாள் இவோனா. "இத்தன பேரு வாயத் தொறந்துகிட்டு நின்னா நான்கூட இறங்க மாட்டேன். போய்ச் சாப்பிடுங்க."

பாரிட்சாவும் டோராவும் காலையிலிருந்தே பெரிய அண்டாவில் பீன்ஸும் புகையிட்ட பன்றிக்கறியும் கொதிக்க வைத்திருந்தார்கள். ஆண்கள் முற்றத்தில் பெஞ்சுகளைப் போட்டு, சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் விவாதம் தொடங்கிவிட்டது. கிரேன் கொண்டுவரலாம் என்றான் ஸ்லாட்கோ. கிரேன் வந்தால் கூரையைப் பிரிக்க வேண்டும் என்றான் லோய்ஸ். இம்ப்ரோ கரண்டியால் மேஜையில் கோடு கிழித்து, கப்பி ஒன்றை எங்கே மாட்டி, கயிற்றை எப்படிச் சுற்றினால், தன் மாட்டை ஒரு பஞ்சு மூட்டை மாதிரி இறக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

பாரிட்சா அகப்பையோடு அண்டாவின் பக்கத்தில் நின்றாள். அவள் முகம் மட்டும்தான் வீட்டைப் பார்த்து இருந்தது.

ருமென்கா ஒரு காலை எடுத்துச் சரிவில் வைத்தது. அழுத்திப் பார்த்தது. இன்னொரு காலை வைத்தது. பாரிட்சா அகப்பையை அசைக்கவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். வைக்கோலை மிதிக்கும் சத்தம்கூட இல்லாமல், உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, அது பாதி தூரம் வந்தது. பின்னால் கன்று வாசலில் தயங்கி நின்று, ஒரு துள்ளு துள்ளி, அம்மாவையும் தாண்டி முதலில் கீழே வந்து நின்றது. பிறந்ததிலிருந்து தோளில் தொங்கிக்கொண்டு ஒரே ஒரு முறை தரையைப் பார்த்த கன்று. அது தன் நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி மண்ணைப் பார்த்தது.

ருமென்காவும் இறங்கியது. ஆண்களின் முதுகுக்குப் பின்னால் சாவதானமாக நடந்து போய், வெள்ளத்துக்குப் பிறகு துளிர்த்திருந்த பிளம் மரத்தடிப் புல்லில் வாய் வைத்தது. கன்று அதன் அடியில் புகுந்து பால் குடித்தது.

"…அப்புறம் இந்தக் கயித்த நான் விடவே கூடாது," என்றான் இம்ப்ரோ. "விட்டா மாடு போச்சு. புரியுதா கூமே?"

"புரியுது. ஆனா கப்பிய யாரு மாட்டறது?"

"எவ்வளவு உயரம்னு மொதல்ல அளக்கணும்," என்றான் ஸ்லாட்கோ.

பாரிட்சா சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் வெயில் இதமாக இருந்தது, குழம்பு சூடாக இருந்தது, வேலி இருக்கும் இடம் தெரியாமல் மண்ணோடு கிடந்தது, அவள் புருஷன் இவ்வளவு உற்சாகமாகப் பேசி அவள் கேட்டு நாளாகியிருந்தது. அவள் அவன் தட்டில் இன்னொரு அகப்பை ஊற்றினாள். பெரிய கறித்துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

"நல்ல யோசனை இம்ப்ரோ," என்றாள். "மொதல்ல சாப்பிடு."

இம்ப்ரோ ஆச்சரியத்தோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. டோரா பதறிப்போய், "என்னடி, அழறியா?" என்று கேட்டுக்கொண்டு கிட்டே வந்தாள், அவள் பார்வை போன திசையில் பார்த்தாள், வாயில் ஏப்ரன் முனையை அடைத்துக்கொண்டு அண்டாவின் அருகிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.